மூடக் கூடாத பாட்டில்

பாட்டிலைக் கட்டுவது பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். திருச்சியிலிருந்து டுசல்டோர்ஃபுக்கு வந்தபோது என் பெட்டியில் இரண்டு கிலோ ஆவக்காய் ஊறுகாய், அரை லிட்டர் நல்லெண்ணெய், ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் இருந்தன. வாயில் பாலித்தீன், அதன்மேல் ரப்பர் பேண்டு, அதன்மேல் மூடி, மூடியைச் சுற்றி செலோடேப் ஏழு சுற்று, மொத்தத்தையும் ஒரு பழைய நைட்டியில் சுருட்டி நடுப்பெட்டியில் வைத்தேன். விமானம் மாறி வந்தும் ஒரு சொட்டு கசியவில்லை. இந்தக் கர்வம்தான் அக்டோபர் மாதம் ஒரு பெண்ணின் பதினாறு வருடக் காத்திருப்பை நனைத்து நாசமாக்கப் பார்த்தது.

எட்டு மாத வேலைக்காகக் கம்பெனி என்னை அனுப்பியிருந்தது. முதல் இரண்டு மாதத்திலேயே டிராம் போகிற இடமெல்லாம் போய்வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. ரைன் ஆற்றங்கரையில் நடக்கலாம், அப்புறம் திரும்பி நடக்கலாம். உட்கார்ந்தால் எனக்குக் கால் ஆடும். அதைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் குழுவில் டெஸ்டிங் பார்க்கும் ஹெல்கா, "எங்கள் ஒயின் கிளப்புக்கு வாயேன்" என்றார்.

ரயில்வேயில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்ற யூர்கன் என்பவர் வீட்டு நிலவறையில் மாதம் ஒரு புதன்கிழமை ஏழு பேர் கூடுவார்கள். அந்த மாதத்துக்கு முறைவைத்த ஆள் மூன்று பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவருவார். பெயர் தெரியாமல் முகர்ந்து, குடித்து, தோன்றியதைச் சொல்லி, கடைசியில்தான் தாளைப் பிரிப்பார்கள். குடித்த ஒயினை மறுபடி கொண்டுவருவது தடை. ஹெல்கா அத்தனையையும் நோட்டில் எழுதுவார், யார் எத்தனை நிமிடம் தாமதம் என்பது உட்பட. எப்போதும் புதுசு வேண்டும் என்று அலைகிற எனக்கென்றே சட்டம் போட்டதுபோல் இருந்தது. மே மாதம் சேர்ந்தேன்.

அதுவரை எனக்குத் தெரிந்த ஒயின் ஒன்றே ஒன்று. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா ஆன்ட்டி கிறிஸ்துமஸுக்குப் பிளம் கேக்கோடு சின்ன எவர்சில்வர் டம்ளரில் தருவார். முதல் புதன்கிழமை, சிவப்பு ஒன்றைக் குடித்ததும் வாய் என்னை மீறிச் சொன்னது: "நாவல்பழம்." அது என்ன பழம் என்று எல்லாரும் திரும்பினார்கள். தின்றால் நாக்கு ஊதாவாகும், தொண்டை கரகரக்கும், பள்ளிக்கூட வாசலில் உப்புப் போட்டு விற்பார்கள் என்றேன். ஹெல்கா எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார். நான்கு மாதத்தில் அந்த நோட்டில் புளி, வெந்தயம், கருப்பட்டி, மண்பானைத் தண்ணீர் எல்லாம் ஏறிவிட்டன.

அக்டோபரில் கிளப் வெளியூர் போவது வழக்கம். ஒயின் செய்கிறவரிடமே போய்க் குடிப்பது. இந்த முறை ஆர் என்ற ஆற்றின் பள்ளத்தாக்கு. நான் கிளம்புவதற்கு முந்தின நாள் மாடிப்படியில் வசந்தி அக்கா மறித்துக்கொண்டார். எனக்கு மேல்தளத்தில் இருப்பவர். யாழ்ப்பாணத்துக்காரர், முதியோர் இல்லத்தில் சலவைப் பிரிவில் வேலை. அவர் மிளகாய்த்தூள் வறுத்தால் என் அறையில் எனக்குத் தும்மல் வரும். அப்படித்தான் பழக்கம்.

"ரம்யா, நீங்கள் பொன் நகரப் பக்கத்தாலதானே போறீங்கள்? எனக்கொரு உதவி செய்வீங்களோ?"

"சொல்லுங்கக்கா."

"அங்க மொழிபெயர்ப்பாளர் ஐயா ஒருத்தர் இருக்கிறார். என்ர பிறப்புச் சான்றிதழ் அவரிட்டக் கிடக்கு. டொய்ச் பாஷையில மாத்தி முத்திரையும் குத்திப்போட்டாராம். திங்கக்கிழமை காலமை எனக்குக் குடியுரிமைக்கு டெர்மின். தபாலை நம்ப ஏலாது பிள்ளை. அந்தச் சான்றிதழ் ஒண்டுதான் கிடக்கு. ஊரில பதிவுப் புத்தகமெல்லாம் எரிஞ்சு போச்சு. அதை விட்டால் நான் பிறந்ததுக்கு வேற சாட்சி இல்லை."

டொரன்டோவில் இருக்கும் அண்ணனை அவர் பார்த்துப் பதினாறு வருடம். அகதிகளுக்குத் தரும் பயணப் பத்திரத்தை வைத்துக்கொண்டு இரண்டு முறை விசா கேட்டார், இரண்டு முறையும் இல்லை என்றுவிட்டார்கள். ஏப்ரலில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். ஜெர்மன் பாஸ்போர்ட் வந்தால் போகலாம். இந்த டெர்மின், அதாவது அலுவலகத்தில் குறித்துக்கொடுத்த நேரம், தவறினால் அடுத்தது ஜனவரியில்தான், கல்யாணம் கைநழுவிவிடும். "நான் பாத்துக்கறேன்க்கா, கவலையே படாதீங்க" என்றேன்.

வெள்ளிக்கிழமை மதியம் பொன்னில் இறங்கி மொழிபெயர்ப்பாளர் ஐயா வீட்டுக்குப் போனேன். ஸ்வெட்டருக்குமேல் ஸ்வெட்டர் போட்டிருந்தார். மொழிபெயர்ப்பை என் கண்முன்னே எடுத்து, ஊற்றுப்பேனாவில் ஆற அமரக் கையெழுத்திட்டு, ஊதிக் காயவைத்தார். பிறகு அசல் சான்றிதழைத் தூக்கிக் காட்டினார். கெட்டியாக லேமினேட் செய்திருந்தது.

"உதை ஆர் பிள்ளை பிளாஸ்டிக்குக்குள்ள அடைச்சது?"

"தெரியலய்யா. எங்க ஊர்லயும் எல்லாரும் செய்வாங்க. என் டிகிரி சர்டிபிகேட்கூட லேமினேட்தான்."

"இஞ்ச உது சரிவராது கண்டியளோ. கந்தோரில அதிகாரிமார் தாளைத் தொட்டுப் பாக்க வேணும் எண்டுவினம். ஒரு பிளேடு எடுத்து ஓரத்தால மெல்ல வெட்டிக் கழட்டச் சொல்லுங்கோ."

ஆவணங்களை ஒரு காகித உறையில் போட்டு என் முதுகுப்பையில் மடிப்பு விழாமல் வைத்தேன். அன்று மாலை ஆர் பள்ளத்தாக்கு. சின்ன ரயில் ஆற்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தாண்டித் தாண்டிப் போகிறது. இரண்டு புறமும் கருங்கல் மலை, மலை முழுக்கத் திராட்சை, அதுவும் அக்டோபரில் மஞ்சளும் செம்பும் கலந்த இலைகள். பக்கத்து இருக்கையில் ஒரு பெண் கணவரிடம், "இந்த வருஷமாவது முழங்காலை நினைத்துக் குடி" என்றார். கணவர், "குடித்தால்தான் முழங்காலை மறக்க முடிகிறது" என்றார். யூர்கன் எனக்கு மொழிபெயர்த்துவிட்டு அவர்களோடு சேர்ந்து சிரித்தார்.

சனிக்கிழமை திராட்சைத் தோட்டம் ஏறினோம். ரெனாட்டே என்ற பெண்மணி எங்களை நடத்திப்போனார். ஐம்பது வயதிருக்கும், ரப்பர் பூட்ஸ், தோட்டமும் ஒயினும் அவருடையவை. மலைக்கோட்டைப் படி தேவலாம், அங்கே கைப்பிடியாவது உண்டு. பாதி மலையில் ஒரு கல்மேசை. ஐந்து ஒயின், ஒவ்வொன்றையும் வாயில் சுழற்றிவிட்டு வாளியில் துப்ப வேண்டுமாம். என்னால் முடியவில்லை. கொடுத்ததைக் கொடுத்தவர் முன்னாலேயே துப்புவதா? மரியாதைக்காக விழுங்கினேன். நாலாவது மரியாதையில் எதிர்மலை கொஞ்சம் சாய்ந்தது.

அடுத்த திருப்பத்தில் ரெனாட்டே தன் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, தான் ஒரு வாய் குடித்துவிட்டு யூர்கனிடம் கொடுத்தார். கிளாஸெல்லாம் கீழே இருந்தன. யூர்கன் குடித்து ஹெல்காவிடம் கொடுத்தார். ஹெல்கா குடித்து என்னிடம். நான் யோசிக்கவேயில்லை. அண்ணாந்து, பாட்டிலை ஒரு சாண் உயரத்தில் பிடித்து, வாயில் படாமல் ஊற்றிக்கொண்டேன்.

முன்னால் ஏறிக்கொண்டிருந்தவர்களும் நின்று திரும்பினார்கள்.

"இன்னொரு தடவை," என்றார் யூர்கன்.

செய்து காட்டினேன். கைதட்டல். "எல்லாருமே இப்படியா? குழந்தைகள்கூடவா?" என்று ரெனாட்டே கேட்டார். ஆமாம், ஸ்கூல் பஸ்ஸில், ஓடுகிற பஸ்ஸில் என்றேன். யூர்கனுக்கு ரோஷம் வந்துவிட்டது. தானும் அண்ணாந்தார். கால்வாசி வாய்க்கும் மீதி சட்டைக் காலருக்கும் போனது. "காலருக்கு நல்ல நீண்ட சுவை," என்றபடியே ஹெல்கா நோட்டில் எழுதினார்.

மாலையில் ரெனாட்டே வீட்டு அடுக்களையில்தான் அந்தப் புது ஆசாமியைச் சந்தித்தேன். ஃபெடர்வைசர். திராட்சையைப் பிழிந்து சில நாளே ஆன சாறு. பாதி சாறு, பாதி ஒயின், இன்னும் பொங்கிக்கொண்டிருப்பது. கலங்கலாக, மஞ்சளாக, நுரைத்துக்கொண்டு இருந்தது. கூடவே வெங்காயமும் பன்றிக்கொழுப்பும் பரப்பிச் சுட்ட சூடான ரொட்டி. நான் கொழுப்பைப் பொறுக்கி ஒதுக்கிவிட்டு வெங்காயத்தைத் தின்றேன். சாறு இனித்தது, நாக்கில் குத்தியது, வாசனை மட்டும் ரொம்பத் தெரிந்த வாசனையாக இருந்தது. "இரண்டாம் நாள் இட்லி மாவு!" என்று கத்திவிட்டேன். அரைத்த அரிசி புளித்துப் பாத்திரத்தைத் தாண்டி வழிவதை விளக்கவேண்டி வந்தது. இதை விளக்கின வாயோடுதான் மறுநாள் அப்படிச் செய்தேன்.

அறைக்குப் போனதும் அக்காவின் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். ஐயா சொன்னது மனதில் அரித்தது. அக்காவுக்கு ஏன் ஒரு வேலை மிச்சம் வைக்க வேண்டும், நாமே கழற்றிக் கொடுத்துவிடலாமே. நகவெட்டியின் சின்னக் கத்தியை ஓரத்தில் வைத்தேன். உள்ளே தாள் பழுப்பாக, மடித்த கோடுகளில் இற்று, இந்தப் பிளாஸ்டிக்கின் தயவில்தான் ஒன்றாக நிற்பதுபோல் தெரிந்தது.  வேண்டாம், அவருடைய தாளை அவரே வெட்டட்டும் என்று கத்தியை மடக்கினேன்.

மற்றவர்கள் திங்கள்வரை இருந்தார்கள். நான் மட்டும் ஞாயிறு மதியமே கிளம்பினேன். ரெனாட்டே ஸ்டேஷன்வரை வந்து ஒரு பாட்டில் ஃபெடர்வைசரைக் கையில் திணித்தார். வாயில் ஒரு மெல்லிய தகரத்தாள், அதிலும் ஒரு ஓட்டை. "மூடாதே. படுக்கவைக்காதே. நிற்கட்டும்," என்றார். தெளிவாகத்தான் சொன்னார், எனக்கும் தெளிவாகத்தான் புரிந்தது. தலையாட்டினேன்.

ரயிலில் ஏறினால் கால்வைக்க இடமில்லை. ஊர் முழுக்க மலையேற வந்துவிட்டு ஒரே வண்டியில் திரும்புகிறது. ஒரு கையில் கம்பி, ஒரு கையில் பாட்டில், முதுகில் பை. வண்டி குலுங்கியபோது பாட்டில் என் மணிக்கட்டில் கொப்பளித்தது. பையில் என்ன இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. சிந்தினால் அக்காவின் காகிதம். சிந்தக் கூடாதென்றால் மூட வேண்டும். ஒரு கிராமத்துப் பெண்மணிக்குத் தகரத்தாள்தான் தெரியும், எனக்கு ஊறுகாய் கட்டத் தெரியும்.

ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு கார்க்கை எடுத்துவைப்பது என் வழக்கம். சனிக்கிழமை கார்க் கோட்டுப் பையில் இருந்தது. உள்ளங்கையால் அடித்து இறக்கினேன். மேலே பாலித்தீன், தலையிலிருந்து கழற்றிய ரப்பர் பேண்டு, கைப்பையில் எப்போதும் இருக்கும் செலோடேப். ஏழு சுற்று. முதுகுப்பைக்குள் ஆவணங்களுக்குப் பக்கத்தில், ஸ்வெட்டரில் சுருட்டி வைத்தேன். இப்போது நிம்மதி.

வண்டி மாறியதும் உட்கார இடம் கிடைத்தது. பையை மேல்தட்டில் படுக்கவைத்தேன். கொலோனுக்கு முன்னால் வண்டி வயல்வெளியில் நின்றது. பத்து நிமிடம், இருபது நிமிடம், நாற்பது நிமிடம். ஹீட்டர் மட்டும் கடமை தவறாமல் ஓடியது. "நம்ம ஊராக இருந்தால் இந்நேரம் ஒருத்தர் சுண்டல் கொண்டுவந்திருப்பார்" என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் மேலே, யாரோ தும்மலை அடக்கியதுபோல ஒரு சத்தம்.

டொப்.

எதிரே அமர்ந்திருந்த கிழவரின் செய்தித்தாளில் ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம் அவர் புறங்கையில் ஒரு சொட்டு. அப்புறம் வரிசையாக. அவர் மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார், புறங்கையை நக்கினார். "ஃபெடர்வைசர்," என்றார் துக்கத்தோடு. "மூடினாயா, பெண்ணே?"

பையைத் திறந்தேன். நுரை. ஸ்வெட்டர், சீப்பு, கேமரா உறை, எல்லாமே நுரை. ஆவணங்கள் இருந்த உறையைப் பிரித்து எடுத்தேன். மொழிபெயர்ப்புத் தாள் இரண்டும் நனைந்து அப்பளமாட்டம் நெளிந்திருந்தன. அச்சு எழுத்து நின்றது, முத்திரை கொஞ்சம் மங்கி நின்றது. ஐயாவின் ஊற்றுப்பேனாக் கையெழுத்து நீலப் பூவாக விரிந்து போயிருந்தது. அசலை எடுக்கக் கை வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன்.

பிளாஸ்டிக்குக்கு வெளியே ஒயின் முத்து முத்தாக நின்றது. கைக்குட்டையால் ஒரு துடைப்பு. உள்ளே அக்காவின் அப்பா பெயர், அம்மா பெயர், ஊர், தேதி எல்லாம் வெள்ளிக்கிழமை பார்த்தபடியே. ஓரத்தில் நேற்று என் கத்தி வைத்த கீறல், மயிரிழை அளவு. அதற்குமேல் ஒரு அரை அங்குலம் வெட்டியிருந்தால்? அந்த ரயிலில் நான் அழுதேன். கிழவர் தன் செய்தித்தாளின் காய்ந்த பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தார்.

ஐயாவுக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை, பதிவுக் கருவிதான் பேசியது. அதனிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். மாலை ஆறு மணிக்கு வசந்தி அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். பொய் சொல்ல மூன்று வழி யோசித்து வைத்திருந்தேன். கதவு திறந்ததும் ஒன்றும் வரவில்லை.

"அக்கா, தப்புப் பண்ணிட்டேன்."

அவர் தாள்களை வாங்கிப் பார்த்தார். முதலில் அசலைத்தான் தேடினார். அதை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.  பிறகு மொழிபெயர்ப்பை முகர்ந்தார்.

"உது என்ன, கள்ளு மாதிரி மணக்குது?"

"திராட்சைல பண்றது. இன்னும் பொங்கிட்டே இருக்குமாம். மூடாதேன்னுதான் சொன்னாங்க. உங்க பேப்பர்ல சிந்திடக் கூடாதேன்னு..."

"இறுக்கி மூடினனீங்களோ?"

"செலோடேப் போட்டு. ஏழு சுத்து."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கள்ளு முட்டியை ஆராவது இறுக்கி மூடுவினமே, பிள்ளை? உவ்வளவு படிச்சும் உது தெரியாதோ?" என்றவர் சட்டென்று சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பா, திட்டா என்று தெரியவில்லை. இரண்டும்தான். "வாங்கோ உள்ள. ஸ்திரிக்கைப் பெட்டியை எடுங்கோ."

இரண்டு துவாலைக்கு நடுவே வைத்துத் தேய்த்தோம். ஆவியெழுந்து அடுக்களை முழுக்க ரெனாட்டேயின் வீட்டு வாசனை. தாள் நிமிர்ந்தது, ஆனால் பூவாகிப்போன கையெழுத்து கையெழுத்தாகத் திரும்பவில்லை. பாட்டிலின் அடியில் நாலு விரல் அளவு மிச்சம் இருந்தது. நான் கொட்டப் போனேன்.

"வையுங்கோ உதை," என்றார் அக்கா. அரிசிமாக் குழைத்த சட்டியை இழுத்து, அந்த மிச்சத்தை அப்படியே ஊற்றிக் கலக்கினார். "இஞ்ச கள்ளு இல்லாமல் பதினாறு வருசமா ஈஸ்ட் போட்டுத்தான் அப்பம் சுடுறன். இது பொங்கினால் பாப்பம். நாளைக்குக் காரியம் சரிவந்தால் சுடுவம்."

"சரிவரலன்னா?"

"சரிவராட்டி உங்கட தலையில ஊத்துவன்."

திங்கட்கிழமை எட்டரைக்கு டெர்மின். நானும் கூடப் போனேன். பாவம் செய்தவள் போகாமல் இருக்க முடியுமா? அக்கா தன் ஒரே நல்ல கோட்டைப் போட்டிருந்தார். மேசைக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி. தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். மொழிபெயர்ப்பில் நின்றார்.

"இந்தக் கையெழுத்துக்கு என்ன ஆயிற்று?"

அக்கா எனக்கு முன்னால் பேசினார். அவருடைய ஜெர்மன் என்னுடையதைவிட எவ்வளவோ மேல். நான் ஆர் பள்ளத்தாக்கு போனது, பாட்டில், கார்க், செலோடேப், ரயில் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். நடுவில் ஏழு விரலையும் விரித்துக் காட்டினார். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் மேசையின் காலைப் பார்த்தேன்.

அவர் போனை எடுத்தார். நல்லவேளை, ஐயா இருந்தார். காலையிலேயே என் ஒப்பாரியைக் கேட்டுவிட்டிருந்தார்போல, நாலு வார்த்தைக்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. மூலையில் இருந்த பேக்ஸ் கருவி முனகத் தொடங்கியது. நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளைத் தாள் அங்குலம் அங்குலமாக வெளியே வந்தது. முதல் பக்கம். இரண்டாம் பக்கம். கடைசியில், அடியில், ஊற்றுப்பேனாவால் இட்ட கையெழுத்து. அக்கா என் முழங்கையைப் பிடித்திருந்த இடம் சாயங்காலம்வரை வலித்தது.

"அசல் கையெழுத்துப் பிரதி இந்த வாரம் தபாலில் வந்தால் போதும். இன்றே கோப்பில் சேர்த்துக்கொள்கிறேன்," என்றார் அதிகாரி. பிறகு சான்றிதழை எடுத்து, பிளாஸ்டிக்கைச் சுண்டினார்.  "இப்படி அடைத்து வரும் ஆவணங்களைப் பிரித்துக் கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்புவதுண்டு." நனைந்த தாளை ஒரு முறை முகர்ந்தார். "இன்றைக்கு எப்படிச் சொல்வேன்?"

முத்திரை விழுந்தது. மற்றதெல்லாம் சரியாக இருந்தால் பிப்ரவரிக்குள் முடிந்துவிடும் என்று நினைப்பதாகச் சொன்னார். வெளியே வந்ததும் அக்கா சுவரோரம் நின்று, பெரிதாக மூச்சு விட்டார். "ஏப்ரல்," என்றார்.  டிராம் நிறுத்தம்வரை வேகமாக நடந்தார், நான் பின்னால் ஓடினேன்.

மாவு பொங்கியிருந்தது. சட்டிமேல் தட்டைச் சாய்வாக வைத்திருந்தார், அதையும் தூக்கிக்கொண்டு எழும்பியிருந்தது. அப்பத்தின் ஓரம் கண்ணாடிபோல முறுகி, நடு பஞ்சாக, தேங்காய்ப்பாலில் ஊறி இருந்தது. திராட்சையின் இனிப்பு எங்கோ மெல்லத் தெரிந்தது. நான் ஆறு தின்றேன். அக்கா அண்ணனுக்குப் போன் போட்டு, கரண்டியும் கையுமாக, "ஓம் அண்ணை, ஓம், எடுத்திட்டினம்... இல்லை, அழேல்லை, புகை" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நவம்பர் புதன்கிழமை என் முறை. செய்தித்தாளில் சுற்றிய மூன்று பாட்டிலோடு, அப்பம் சுட்டுத்தரப்போவதாகவும் வாக்குக் கொடுத்திருந்தேன். ரெனாட்டே ஆள் மூலம் கொடுத்தனுப்பிய இன்னொரு பாட்டில் ஃபெடர்வைசரை ஊற்றி அக்கா மாவு புளிக்கவைத்து, தூக்குச்சட்டியில் கொடுத்தார். டிராமில் நல்ல கூட்டம். எதிரே நின்ற பெண் என் மடியைக் காட்டி, "அதற்கு மூடி இல்லையா? சிந்திவிடப் போகிறது" என்றாள்.

மூடி என் கோட்டுப் பையில்தான் இருந்தது. அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, திறந்த சட்டியை இரண்டு கையாலும் நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், யூர்கன் வீடு வரும்வரை.